தன்னார்வலருக்குக் கம்பெனிப் பரிசு: எதை வாங்கலாம், எப்படி வாங்கலாம்

ஆனித் தேரோட்டம், பொருநை நெல்லை புத்தகத் திருவிழா, ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆற்றங்கரைத் துப்புரவு, பள்ளி கல்லூரிகள் நடத்தும் ஓட்டப்பந்தயம் என்று நெல்லைச் சீமையில் சம்பளம் வாங்காமல் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஏதாவது கொடுக்க முன்வரும் கடைகளும் கம்பெனிகளும் நிறைய. ஜவுளிக்கடை டீ-சர்ட் தருகிறேன் என்கிறது. செல்போன் கடை கூப்பன் தருகிறேன் என்கிறது. நகைக்கடை, ‘பிள்ளைகள் பேரையும் நம்பரையும் மட்டும் குடுங்க, குலுக்கல் போட்டு வெள்ளிக்காசு தாரோம்’ என்கிறது. விழாக் குழுவில் பாதிப் பேர் ‘சும்மா வருவதை ஏன் விடணும்’ என்பார்கள். மீதிப் பேர் ‘தொண்டுக்கு வந்தவனுக்குக் கடைக்காரன் பரிசு எதுக்கு’ என்பார்கள்.

வாங்கலாம். ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பொருள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அது விழாக் குழுவின் கை வழியாகத்தான் தன்னார்வலருக்குப் போக வேண்டும். வாசலில் நிற்கிறவருக்கும் மேடையில் நிற்கிறவருக்கும் ஒரே மாதிரி போக வேண்டும். பதிலுக்குத் தன்னார்வலர் அந்தக் கம்பெனிக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பரிசை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே விழாவுக்கு நல்லது.

இந்த முறை நம் ஊருக்குப் புதிதில்லை. கோயில் திருவிழாவில் மண்டகப்படிக்காரர் ஒரு நாள் செலவை ஏற்கிறார், அவர் பெயர் அழைப்பிதழில் வருகிறது. அதற்காக அன்றைய பூஜை முறையை அவர் மாற்றுவதில்லை. சப்பரம் தூக்குகிறவர்கள் அவருடைய ஆட்களாகிவிடுவதும் இல்லை. கம்பெனியிடம் பேச உட்காரும்போது இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நிகழ்ச்சி யாருடையது? கோயில், பள்ளி, மாவட்ட நிர்வாகம், ஊர்ச் சங்கம், இயற்கை அமைப்பு நடத்துவதென்றால் மேலே படியுங்கள். ஒரு கம்பெனி டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரி, கடைத் திறப்பு விழாவை ஒட்டிய ‘ரன்’, கட்டணம் வாங்கும் கண்காட்சி என்றால் அங்கே தன்னார்வலர் என்ற பேச்சுக்கே இடமில்லை. லாபம் ஒருவருக்குப் போகிற இடத்தில் வேலை செய்கிறவருக்கு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். டீ-சர்ட்டும் சான்றிதழும் கொடுத்து எட்டு மணி நேரம் வேலை வாங்குவது கல்லூரிப் பிள்ளைகளின் உழைப்பைச் சும்மா எடுத்துக்கொள்வதுதான். அப்படி ஆள் கேட்டு வரும் கம்பெனியிடம் ஒரு தலைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

எது தேவை, எது நன்றி, எது விளம்பரம்

கம்பெனி தருவதாகச் சொல்லும் ஒவ்வொரு பொருளையும் ஒரு தாளில் எழுதி, இந்த மூன்றில் எதில் சேரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், பஸ் காசு, கையுறை, தொப்பி, முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு ஆகியவை தேவை. இவற்றைப் பரிசு என்று சொல்லவே கூடாது. கம்பெனி வந்தாலும் வராவிட்டாலும் இவற்றைக் கொடுப்பது விழாக் குழுவின் கடமை. அந்தச் செலவைக் கம்பெனி ஏற்றால் மகிழ்ச்சி, ஆனால் கம்பெனி கடைசி நாளில் கைவிரித்தாலும் சாப்பாடு வந்தாக வேண்டும். ஆகவே இவற்றுக்கான பணத்தைக் குழுவின் கணக்கிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு ஸ்பான்சர் தேடுங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற சின்னப் பொருள் நன்றி. நூறு கிராம் அல்வா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஒரு புத்தகம், துணிப்பை, பனையோலைப் பெட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். வாங்கினவருக்கு அதனால் ஒரு பொறுப்பும் வரக் கூடாது.

தள்ளுபடிக் கூப்பன், குலுக்கல் சீட்டு, ஆப் இறக்கினால் கிடைக்கும் பணம், ‘இந்தப் பையோடு செல்பி எடுத்துப் போட்டால் பரிசு’ இவையெல்லாம் விளம்பரம். கூப்பனில் ‘2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 200 ரூபாய் தள்ளுபடி’ என்றிருந்தால் அது தன்னார்வலருக்குக் கிடைத்த 200 ரூபாய் இல்லை. அவரைக் கடைக்கு வரவழைக்கும் நோட்டீஸ். நிபந்தனையே இல்லாத, இன்ன தொகைக்கு என்று எழுதிய கூப்பனை மட்டும் நன்றியில் சேர்க்கலாம். மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டீ-சர்ட்டுக்குப் பதில் என்ன கேட்கலாம்

பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தவறுகின்றன. கம்பெனி தர நினைப்பதை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், வேலைக்கு எது வேண்டும் என்று சொல்வதில்லை. கம்பெனிக்காரரும் தெரியாமல்தான் டீ-சர்ட் அடிக்கிறார். தேவைப் பட்டியலை நீங்கள் நீட்டினால் பலரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

தாமிரபரணிப் படித்துறைத் துப்புரவை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் முதல் குறுக்குத்துறை வரை ஆற்றில் கிடப்பது பெரும்பாலும் குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன துணி, சாம்பு உறை, உடைந்த பாட்டில். மெல்லிய பிளாஸ்டிக் கையுறை பாட்டில் ஓட்டில் உடனே கிழிந்துவிடும். 60 பேர் வருகிறார்கள் என்றால் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை 70 ஜோடி, நீளக் கழியில் கட்டிய இரும்புக் கொக்கி 10, சணல் சாக்கு 100 என்று கேளுங்கள். ஆற்றில் ஊறின துணி நினைப்பதைவிடப் பல மடங்கு கனம். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு சாக்குக்கு இரண்டு பேர் என்று வைத்தால்தான் இடுப்பு தப்பும். அதனால்தான் சாக்கு எண்ணிக்கை அதிகம். ரப்பர் செருப்போடு ஆற்றில் இறங்கினால் பாசியில் வழுக்கும், ஆகவே பழைய கேன்வாஸ் ஷூவோடு வரச் சொல்லுங்கள். இத்தனையும் வாங்கித் தந்த கம்பெனியின் பெயரைப் படித்துறையில் ஒரு துணிப் பேனரில் நன்றியோடு எழுதுங்கள். அது அவர்களுக்கு உரியது.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வெள்ளை, சிவப்பு, மஞ்சள் டீ-சர்ட் உதவாது. வேய்ந்தான்குளத்திலோ கூந்தன்குளத்திலோ கரையில் பளிச்சென்று பத்துப் பேர் நின்றால் பறவைகள் எழும்பிவிடும், எண்ணிக்கை பிழையாகும். கம்பெனி உடைதான் தருவேன் என்று நின்றால் மங்கிய பச்சை அல்லது காக்கித் தொப்பி கேளுங்கள், லோகோவும் அதே நிறத்தில் தையலாக இருக்கட்டும். அதைவிட, குழுவுக்கு ஒரு 8x42 பைனாகுலர் வாங்கித் தரச் சொல்வது நல்லது. அது அடுத்த ஜனவரிக்கும் இருக்கும்.

தேரோட்டத்தில் ரத வீதிகளில் வடம் பக்கம் நிற்கும் தன்னார்வலருக்குக் கழுத்தில் நாடா கட்டிய அடையாள அட்டை கொடுக்கவே கூடாது. கூட்டம் தள்ளும்போது நாடா வடத்திலோ பக்கத்தில் இருப்பவர் கையிலோ மாட்டினால் கழுத்தை இழுக்கும். கம்பெனிகள் விரும்பித் தருவதும் இந்த நாடாவைத்தான், ஏனென்றால் அதில் பெயரை வரிசையாக அச்சடிக்கலாம். சட்டையில் குத்தும் பேட்ஜ் அல்லது கையில் கட்டும் துணிப்பட்டை போதும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேலை நேரத்தில் தோளில் தொங்கும் பரிசுப் பையும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

சொரிமுத்து ஐயனார் கோயில் ஆடி அமாவாசை போன்ற விழா களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நடக்கிறது. அங்கே பாலித்தீன் உறையில் வரும் எந்தப் பரிசும் காட்டுக்குள் குப்பையாகத்தான் முடியும். தன்னார்வலர் குப்பை பொறுக்கப் போகிற இடத்துக்குப் பரிசு என்ற பெயரில் குப்பையைக் கொண்டுபோகாதீர்கள். நன்றிப் பொருளைத் திரும்பி வந்த பிறகு பாபநாசத்தில் வைத்துக் கொடுங்கள்.

வெள்ள நிவாரணம் தனி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கினபோது காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட வேளையில் தன்னார்வலருக்குப் பரிசு என்ற பேச்சே வேண்டாம். கம்பெனி தருவது எல்லாம் வீடு இழந்தவர்களுக்கு. தன்னார்வலருக்குச் சாப்பாடு, பூட்ஸ், டார்ச், வெள்ளத்தில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்டர் சொல்லும் மாத்திரை, அவ்வளவுதான். பொட்டலம் வாங்குகிறவர் முகத்தோடு லோகோ தெரியப் படம் எடுப்பதற்கு ஒரு தன்னார்வலரையும் நிறுத்தாதீர்கள்.

சாப்பாடும் தண்ணீரும்: கணக்கு

150 பேர், காலை 7 முதல் மாலை 4 வரை, ஆனி வெயில் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால் 450 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 23. கம்பெனி பாக்கெட் தண்ணீர் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டும், ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் கப்பும், கேரி பேக்கும் தடை. கேன், எவர்சில்வர் டம்ளர், அவரவர் பாட்டில் என்று சொல்லுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் 100 கேட்டு வாங்குங்கள், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று உறையில் போட்டிருக்கும் அளவை மீறாமல் கலக்க ஒருவரை நியமியுங்கள். டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

மதியச் சாப்பாடு 165 பொட்டலம் சொல்லுங்கள். கூடுதல் 15 ஏனென்றால் தூய்மைப் பணியாளர், ஆட்டோ டிரைவர், பாதுகாப்புக்கு நிற்கும் போலீஸ்காரர் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களைப் பார்க்க வைத்துச் சாப்பிட முடியாது. அவர்கள் எண்ணிக்கை முன்பே தெரிந்தால் அதையே சரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி ‘நெல்லைச் சாப்பாடே போடுவோம், சொதி வைப்போம்’ என்று ஆசையாகச் சொல்லும். பந்தியில் உட்கார வைத்துச் சூடாகப் பரிமாறினால் சரி, பொட்டலத்தில் வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்ந்தது வெயிலில் சீக்கிரம் கெடும். காலை பத்து மணிக்குச் சூட்டோடு கட்டின சாம்பார் சாதமும் இரண்டு மணிக்குப் புளித்த வாடை அடிக்கும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் தாங்கும், அதையும் ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். சமைப்பவரிடம் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்பாடு செய்த சமையல்காரர் என்பதால் இந்தக் கேள்வியை விடக் கூடாது. நாளைக்கு ஐம்பது பேருக்கு வயிற்றால் போனால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது விழாக் குழுதான்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. டீ-சர்ட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியில் அன்றைய தினத்துக்கான குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடலாம், கம்பெனியிடம் அதையே கேளுங்கள். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். அது ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும், அவரவர் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள். பதிவின்போதே அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது தன்னார்வலருக்கு வருஷம் முழுக்க உதவும்.

டீ-சர்ட்தான் என்று முடிவானால்

வெயிலுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தி கேளுங்கள். பாலியெஸ்டர் கலந்தது அரை மணியில் உடம்போடு ஒட்டும். 150 பேருக்கு அளவு தெரியாவிட்டால் எஸ் 20, எம் 50, எல் 45, எக்ஸ்.எல். 25, டபுள் எக்ஸ்.எல். 10 என்று வைத்துக்கொண்டு, எல் அளவிலும் எக்ஸ்.எல். அளவிலும் 5, 5 கூடச் சொல்லுங்கள். பதிவுப் படிவத்திலேயே அளவு கேட்டுவிட்டால் இந்த ஊகமே தேவையில்லை. அச்சுக்கு 10 நாளாவது கொடுங்கள்.

முன்பக்கம் நிகழ்ச்சியின் பெயரும் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லும் மட்டும். கூட்டத்தில் வழி கேட்பவருக்கு அதுதான் தெரிய வேண்டும். கம்பெனி பெயர் இடது கையிலோ முதுகில் தோளுக்குக் கீழோ, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல். முன்பக்கம் கடைப்பெயர் பெரிதாக இருந்தால் வருகிறவர்கள் தன்னார்வலரைக் கடை ஆள் என்று நினைத்து ‘ஸ்டால் எங்க இருக்கு, ஆபர் என்ன’ என்று கேட்பார்கள். முதலுதவி எங்கே என்று கேட்க வேண்டியவர் ஒதுங்கிப் போவார். கோயில் வேலையில் கம்பெனி உடையே வேண்டாம், வேட்டி துண்டு, சேலை, கைப்பட்டை போதும். உழவாரப்பணிக்கு வருகிறவர்களிடம் லோகோ உள்ள பனியனை நீட்டுவது அவர்கள் வந்த நோக்கத்தையே சிறுமைப்படுத்தும்.

கம்பெனியிடம் பேசுவது

பேச்சைச் சுற்றி வளைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைக்காரர்கள் நேராகச் சொன்னால் மதிப்பார்கள். ‘அண்ணாச்சி, மத்தியானச் சாப்பாடு உங்க செலவா இருக்கட்டும். பந்தி வாசல்ல உங்க கடை பேரு போட்டு நன்றி எழுதுதோம். ஆனா பிள்ளைகளுக்குக் குடுக்கிற பொட்டலத்துல நோட்டீஸ் வைக்கக் கூடாது, நம்பர் லிஸ்டும் தர மாட்டோம்’ என்றால் விஷயம் முடிந்தது. அதற்கு மேல் ‘அப்போ எங்களுக்கு என்ன பிரயோசனம்’ என்று கேட்பவரிடம் ஒரு ஸ்டால் இடத்தைக் கட்டணத்துக்கு விற்கலாம். அது நேர்மையான வியாபாரம். தன்னார்வலரை அதில் இழுக்காமல் இருந்தால் சரி.

‘இது எங்க சி.எஸ்.ஆர். பணம்’, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், என்று சொல்லிக்கொண்டே பேனர் இடமும் ஸ்டாலும் கேட்டால் கொஞ்சம் நிறுத்துங்கள். 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 135-இன் கீழான விதிகளை 2021-இல் திருத்தியபோது, தன் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். ஆகாது என்று தெளிவாகவே எழுதினார்கள். எந்தக் கணக்கு என்பதை அவர்களே முடிவு செய்து எழுத்தில் தரட்டும். உங்கள் ரசீதில் அவர்கள் சொன்னபடி எதையும் மாற்றி எழுதாதீர்கள்.

சில இடங்களிலிருந்து வருவதைப் பேசாமலே மறுக்க வேண்டும். புகையிலைக் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப், பரிசு வழியான விளம்பரத்தை 2003 புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் பிரிவு 5 தடை செய்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டின் விளம்பரத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுக்கிறது. சாராயம், உடனடிக் கடன் ஆப், தேர்தல் நேரத்துப் பரிசு இவற்றையும் இதே வரிசையில் வையுங்கள்.

பேசி முடித்ததும் ஒரு பக்கக் கடிதம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

‘தாங்கள் எங்கள் தன்னார்வலர்கள் 150 பேருக்கு வழங்கும் (பொருள், எண்ணிக்கை) நன்றியுடன் பெறுகிறோம். இது (தேதி) அன்று மாலைக்குள் குழுவிடம் ஒப்படைக்கப்படும். குழுவே அனைவருக்கும் சமமாக வழங்கும். பெறுகிறவர் எதையும் வாங்கவோ, பதிவு செய்யவோ, சமூக ஊடகத்தில் போடவோ வேண்டியதில்லை. தன்னார்வலரின் பெயர், கைபேசி எண், படம் தங்களுக்குத் தரப்படாது. தங்கள் பெயர் வரவேற்புப் பலகையிலும் (மற்றோர் இடம்) மட்டும் இடம்பெறும். தன்னார்வலருக்கு வேலை சொல்வது குழு மட்டுமே. மீதமாகும் பொருள் ஏழு நாளில் கணக்குடன் திருப்பித் தரப்படும்.’

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். விழா நாளில் கம்பெனி மேனேஜர் வந்து ‘தம்பி, நாலு பேர் வந்து எங்க ஸ்டால்ல டேபிள் தூக்குங்க’ என்பார். காலையில் அவர் தந்த டீ-சர்ட்டைப் போட்டிருக்கும் பையனுக்கு மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது ஒருங்கிணைப்பாளர் வேலை. காலைக் கூட்டத்திலேயே ‘ஸ்பான்சர் ஆட்கள் வேலை சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

மாணவர்கள் வரும்போது

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருக்கிறது. அந்த மணிக்கணக்கும் வருகைச் சான்றிதழும் குழுவும் கல்லூரித் திட்ட அலுவலரும் தருவது. அதில் கம்பெனி லோகோ வரக் கூடாது. பரிசு வாங்கினால்தான் சான்றிதழ், ஆப் இறக்கினால்தான் வருகைப் பதிவு என்று எந்த முடிச்சும் போடவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிகள் நெருக்கமாக இருப்பதால் ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஒரு கல்லூரிக்குப் பவர் பேங்க், இன்னொன்றுக்குப் பேனா என்று பிரிந்தால் அடுத்த வருஷம் பேனா வாங்கினவர்கள் வர மாட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்த விளம்பரமும் கூடாது. கோச்சிங் சென்டர்கள் ‘எல்லாருக்கும் இலவச மாடல் டெஸ்ட்’ என்று வருவது நம்பர் பட்டியலுக்காகத்தான். விருப்பமுள்ளவர் பெற்றோரோடு அவர்கள் ஸ்டாலுக்கே போய்க் கேட்டுக்கொள்ளட்டும். குழுவின் பதிவேடு குழுவிடம்தான் இருக்க வேண்டும்.

சமூக ஊடகம் பற்றியும் காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பரிசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்து போடுகிறவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விளம்பர வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தானாக விரும்பிப் படம் போடுகிறவரை யாரும் தடுக்க வேண்டாம். கடைப் பெயரை டேக் செய்யச் சொல்லிக் குழு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாமல் இருந்தால் போதும்.

கையில் கொடுக்கிற நாள்

பொருள் முந்தின நாள் மாலை வந்துவிட வேண்டும். விழாக் காலையில் டெம்போவில் வந்து இறங்கினால் எண்ண நேரமிருக்காது. பெட்டிக்கு எத்தனை என்று போட்டிருப்பதை நம்பாமல் பிரித்து எண்ணி, நோட்டில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தின்பண்டமென்றால் தயாரித்த தேதி பாருங்கள். அல்வா ஆறாமல் கட்டப்பட்டிருந்தால் பொட்டலத்துக்குள் வேர்த்து மறுநாள் வாடை வரும். ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வாங்க வேண்டும். உள்ளே நோட்டீஸ் சொருகியிருந்தால் அப்போதே எடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

வேலைக்கு வேண்டியது காலையில், நன்றிப் பொருள் வேலை முடிந்த பிறகு. இந்த வரிசை மாறினால் பத்து மணிக்கே கூட்டம் குறையும். கொடுக்கும் இடம் கையெழுத்துப் போட்டு வெளியேறும் மேசையாக இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு டிக், ஒரு பொட்டலம். டோக்கன் முறை வேண்டாம், டோக்கன் கைமாறும், ஒருவர் நாலு டோக்கனோடு வந்து நிற்பார், அவரிடம் சண்டை போட முடியாது. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இருந்தால் மாலைப் பெட்டிகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். மாலை ஷிப்டில் வருகிறவர்களுக்கு எக்ஸ்.எல். மட்டும் மிஞ்சியிருப்பதும், அல்வா தீர்ந்துபோயிருப்பதும்தான் குழு வாட்ஸ்அப்பில் அன்று இரவு வரும் முதல் புகார்.

பார்க்கிங்கில் நின்றவர்களுக்கும் கழிப்பறைப் பக்கம் நின்றவர்களுக்கும் முதலில் கொடுங்கள். மேடைப் பக்கம் நின்றவர்களுக்கு எப்படியும் விருந்தினர் பெட்டியில் மிச்சம் கிடைக்கும். அந்த மிச்சத்தையும் முடிந்தால் பொதுவில் சேர்த்துவிடுங்கள்.

வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். சிலருக்குக் கம்பெனிப் பொருள் தொட மனமிருக்காது, அரசு வேலையில் இருப்பவருக்கு நடத்தை விதி தடுக்கும், சிலர் அந்தக் கடைக்குப் போட்டிக் கடையில் வேலை பார்ப்பவர். ‘வேண்டாம்ணே, வேலைக்குத்தான் வந்தேன்’ என்று சொன்னால் சரி என்று பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

விழா முடிந்த ஏழு நாளுக்குள் வந்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, மீதி எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதித் தன்னார்வலர் குழுவிலும் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். மீதமான டீ-சர்ட்டைக் குழு உறுப்பினர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கம்பெனிக்குத் திருப்பலாம், அல்லது அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் ஒரு விடுதிக்குத் தரலாம். கூப்பன் மீதி இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு குறுக்கே கோடு போட்டுத் திருப்புங்கள். கையுறை, கொக்கி, பைனாகுலர் போன்றவை குழுவின் இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும், யார் பொறுப்பில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உட்பட.